என் கேள்விக்கு எந்தத் துறை? கலாநிதிப் படிப்புக்குத் தயாராகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்த நாட்களில் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அந்தக் கொட்டகையில் என் பெரியம்மாவும் இருந்தார். அவர் மடியில் இருந்த படம் அண்ணாவுடையது. பெரியம்மாவின் மூத்த மகன். 2009 மே மாதத்திற்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை.

அந்தப் படத்தில் அண்ணா கோட் போட்டிருக்கிறார். வாழ்நாளில் அவர் கோட் போட்டதே இல்லை. உறவினர் ஒருவரின் கலியாணவீட்டுப் படத்தில் பின்வரிசையில் நின்றவரின் முகத்தை மட்டும் ஸ்ரூடியோக்காரர் வெட்டியெடுத்து, நீலப் பின்னணியில், யாரோ ஒருவருடைய கோட்டின் மேலே பொருத்திக் கொடுத்திருந்தார். கொட்டகையில் தொங்கிய மற்றப் படங்களைப் பார்த்தேன். அதே நீலம், அதே கோட் இன்னும் சில முகங்களுக்குக் கீழே இருந்தது.

இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன? அடையாள அட்டையிலிருந்தும் கலியாண அல்பத்திலிருந்தும் ஒரு முகம் வெளியே வந்து பதாகையாகி, ஆணைக்குழுக்களின் கோப்புகளுக்குள் போய், வெயிலில் வெளிறி, மறுபடி அச்சாகி வரும்போது அது என்னவாக மாறுகிறது? இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கேள்வி தீரவில்லை. ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்ற நான், இதையே கலாநிதி ஆய்வாகச் செய்யலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. எந்தத் துறையில் செய்வது?

கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். ஒருவர் சட்டம் என்றார், ஒருவர் உளவியல் என்றார், இன்னொருவர் “உது ஊடகம்தானே” என்றார். ஒருவருடைய பதிலும் பிழையில்லை என்பதுதான் சிக்கல். போர், இடப்பெயர்வு, காணி, நினைவுகூரல் என்று எங்கள் வாழ்விலிருந்து எழும் கேள்விகளில் பல ஒரு துறைக்குள் அடங்குவதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் ஒரு துறையின் பெயரைத்தான் எழுத முடியும். இதில் நான் மூன்று வருடங்களை இழந்தேன். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே படம், பல துறைகள்

பெரியம்மாவின் கையிலுள்ள அந்தப் படத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

சட்டத்துறைக்குப் போனால் அந்தப் படம் ஒரு முறைப்பாட்டின் பகுதி. வலிந்து காணாமலாக்கப்படுதலிலிருந்து அனைவரையும் பாதுகாப்பதற்கான சர்வதேச சமவாயம் 2006இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2016இல் அதற்கு ஏற்புறுதி அளித்தது. காணாமல்போனோர் அலுவலகத்திற்கான சட்டம் 2016இலும், காணாமலாக்குதலைக் குற்றமாக்கும் சட்டம் 2018இலும் வந்தன. சட்ட ஆய்வாளர் கேட்பது, அரசின் கடப்பாடு என்ன, அது எங்கே மீறப்பட்டது என்பதை. படத்தில் இருப்பது யாருடைய கோட் என்பது அவருக்கு முக்கியமில்லை.

உளவியலிலும் குடும்பவியலிலும் அது துயரத்தின் பொருள். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்குத் தனி இயல்பு உண்டு என்று அமெரிக்கக் குடும்பவியல் அறிஞர் போலின் பொஸ் விளக்கினார். அவருடைய நூல் 1999இல் வந்தது. எங்களிடையே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளப் பாதிப்பைத் தனிமனிதரோடு நிறுத்தாமல் சமூகத்தின் காயமாகவும் எழுதியிருக்கிறார்.

மானிடவியலாளர் பெரியம்மாவோடு ஒரு வருடமாவது இருப்பார். அந்தப் படம் வீட்டில் எங்கே மாட்டப்படுகிறது, சாமிப் படத்துக்குப் பக்கத்திலா தனியாகவா, மாலை போடப்படுகிறதா என்று பார்ப்பார். மாலை போடாமல் இருப்பதே ஒரு பெரிய செய்தி என்பதை அவர் கண்டுகொள்வார்.

அரங்காற்றுகை பற்றிய கற்கைகளில், படத்தை ஏந்தியபடி தாய்மார் பொது இடத்தில் நிற்பதே ஆய்வுப் பொருள். ஆர்ஜென்டினாவில் 1977 முதல் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடிய அன்னையரை டயானா டெய்லர் 1997இல் வெளிவந்த தன் நூலில் இப்படித்தான் அணுகினார். அதே நாட்டில் 1984இல் உருவான தடயவியல் மானிடவியல் குழு வேறு வழியில் போனது. அவர்கள் புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளுக்குப் பெயர் தேடினார்கள்.

வரலாற்றுத்துறைக்குப் போனால் படம் ஓர் ஆவணம். ஊடகக் கற்கைகளுக்குப் போனால் அது சுற்றிவரும் ஒரு பிம்பம்: யார் எடுத்தார், யார் மாற்றினார், எந்தப் பத்திரிகை எப்படி வெளியிட்டது என்று தேடலாம்.

ஆகவே “என் தலைப்பு எந்தத் துறைக்குரியது” என்று கேட்பதில் பயனில்லை. தலைப்பு எல்லோருக்கும் பொது. நான் எதை ஆதாரமாகக் கொள்ளப் போகிறேன், அதை எப்படிச் சேகரிக்கப் போகிறேன் என்பதில்தான் துறைகள் பிரிகின்றன. சட்ட மூலங்களா, அளவீட்டு வினாக்கொத்தா, நீண்டகாலக் களவாழ்வா, சுவடிக்கூடமா, பிம்பங்களின் தொகுப்பா? இதற்குப் பதில் சொன்னால் துறைப் பட்டியல் பாதியாகக் குறையும்.

எங்களுக்கு முன்னே போனவர்கள்

பேராசிரியர் க. கைலாசபதி தினகரனின் ஆசிரியராக இருந்துவிட்டு, சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்ய இங்கிலாந்துக்குப் போனார். அவர் தேடிப் போனது தமிழ்த்துறையை அல்ல. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் போனார். வீரயுகப் பாடல்களை மற்றச் சமூகங்களின் வாய்மொழிக் காவியங்களோடு ஒப்பிடுவதுதான் அவருடைய கேள்வி. அதற்குத் தேவையான முறையியல் கிரேக்கம் படித்தவரிடம் இருந்தது. பேராசிரியர் கா. சிவத்தம்பியும் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய தன் ஆய்வை அதே தொம்சனிடம்தான் செய்தார். தொம்சன் பண்டைக் கிரேக்க நாடகத்தைச் சமூக வரலாற்றோடு சேர்த்து ஆராய்ந்தவர் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

கணநாத் ஒபேசேகர பேராதனையில் ஆங்கிலம் படித்துவிட்டு அமெரிக்காவில் மானிடவியலுக்குப் போனார். முதற்பட்டத்தின் பெயர் எங்களைக் கட்டிவைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் உதாரணம்.

‘முறிந்த பனை’யின் ஆசிரியர்கள் நால்வரையும் எண்ணிப் பாருங்கள். ராஜனி திராணகம உடற்கூற்றியல் கற்பித்தவர். ராஜன் ஹூலும் கே. சிறிதரனும் கணிதம் கற்பித்தவர்கள். தயா சோமசுந்தரம் உளமருத்துவர். அந்த நூலோடு உடன்படுகிறோமா இல்லையா என்பது வேறு விடயம். போரைப் பற்றி எழுத அந்த நால்வரும் தங்கள் துறையின் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் அந்த நூலுக்காக அவர்கள் பட்டம் கேட்கவும் இல்லை. நாங்கள் கேட்கிறோம். அதனால் துறையைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

நாட்டுக்கு நாடு ‘துறை’ வேறு

துறை எவ்வளவு முக்கியம் என்பது எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இது எனக்குத் தெரிய நெடுநாள் சென்றது.

அமெரிக்காவில் துறைதான் எல்லாம். உங்களைத் தெரிவுசெய்வது துறையின் குழு. முதல் இரண்டு மூன்று வருடங்கள் வகுப்புகள், பிறகு தகுதிகாண் பரீட்சை, அதன் பிறகுதான் ஆய்வு. ஐந்து, ஆறு வருடங்கள் அதற்கு மேலும் போகலாம். துறையின் அடிப்படை நூல்களை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் படித்தே ஆக வேண்டும். அதேநேரம் ஆய்வுக்குழுவில் வேறு துறைப் பேராசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும்.

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மேற்பார்வையாளர்தான் முக்கியம். ஆய்வு முன்மொழிவோடு போகிறோம், வகுப்புகள் குறைவு, மூன்று நான்கு வருடங்களில் முடிக்க வேண்டும். இரு துறைகளிலிருந்து இரண்டு மேற்பார்வையாளர்களைப் பெறவும் முடியும். ஆனால் புதிய முறையியல் ஒன்றை ஆறுதலாகக் கற்க அந்தக் காலம் போதாது. இடம் கிடைத்தாலும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பெரிது. புலமைப்பரிசில் இல்லாத அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு காணியை ஈடுவைக்காதீர்கள்.

நோர்வே, சுவீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர். வேலை விளம்பரம் போலவே இடங்கள் அறிவிக்கப்படும். பல இடங்களில் ஆய்வுத் திட்டத்தின் தலைப்பு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். உங்கள் கேள்வியை அதற்குள் பொருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். ஜேர்மனியில் ஒரு பேராசிரியர் ஏற்றுக்கொண்டால் தொடங்கலாம் என்ற பழைய மரபு இன்னும் உண்டு.

இலங்கையில் முதுதத்துவமாணியாகப் பதிந்து பிறகு கலாநிதிக்குத் தரமுயர்த்துவது வழமையான பாதை. தமிழிலேயே ஆய்வேட்டை எழுத வாய்ப்புள்ள இடங்களும் இங்குதான் இருக்கின்றன. பெரியம்மா போன்றவர்கள் வாசிக்கக்கூடிய ஆய்வு எழுத வேண்டும் என்றால் அது சிறிய காரணமல்ல. வெளிநாடு என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட வேண்டாம்.

நான் விட்ட பிழை

முதற்தடவை நான் விண்ணப்பித்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அரசறிவியல் சார்ந்த துறைக்கு. காரணம் வெட்கக்கேடானது. அந்தத் துறையின் பெயரில் ‘மோதல்’, ‘சமாதானம்’ என்ற சொற்கள் இருந்தன. நான் போரிலிருந்து வந்தவர், ஆகவே அதுதான் என் இடம் என்று நினைத்தேன். முன்மொழிவு முழுவதும் நிலைமாறுகால நீதி என்று எழுதினேன். அந்தச் சொல் இருந்தால் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்டது நியாயமான கேள்வி. “எந்த நாடுகளை ஒப்பிடுகிறீர்கள்? எதனால் எது விளைந்தது என்று விளக்கப் போகிறீர்கள்?” என்னிடம் பதிலில்லை. நான் எதையும் ஒப்பிட விரும்பவில்லை. ஒரு கோட்டைப் பற்றி எழுத விரும்பினேன். அதை மறைத்துவிட்டு அவர்களுக்குப் பிடிக்குமென்று நினைத்ததை எழுதியிருந்தேன். நிராகரிப்புக் கடிதம் வந்தபோது அழுதேன். இப்போது யோசித்தால், இடம் கிடைத்திருந்தால்தான் கூடுதலாக அழுதிருப்பேன்.

அடுத்ததாக ஓர் ஊடகத்துறைக்கு முயன்றேன். அவர்களுக்குப் படங்களின் தொகுப்பு பிடித்திருந்தது. எத்தனை பத்திரிகைகள், எந்த வருடங்கள் என்று கேட்டார்கள். ஆனால் ஸ்ரூடியோக்காரரோடும் தாய்மாரோடும் ஒரு வருடம் இருப்பதற்கு அந்தத் திட்டத்தில் நேரமில்லை. அந்த உரையாடலில்தான் எனக்கு வேண்டியது களவாழ்வு என்று தெளிந்தது. மூன்றாவது தடவை மானிடவியல் துறைகளுக்கு மட்டும் எழுதினேன். இந்த வருடம் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

துறையைச் சோதிக்கச் சில வழிகள்

ஒன்று: உங்களை அசைத்த பத்து நூல்களை எடுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் இப்போது எந்தத் துறையில் கற்பிக்கிறார், கலாநிதிப் பட்டத்தை எந்தத் துறையில் பெற்றார் என்று தேடி எழுதுங்கள். இரண்டும் வேறாக இருக்கலாம். உங்களுக்குத் தேவையானது இரண்டாவது. என் பட்டியலில் வலன்ரைன் டானியல், சரிகா திராணகம என்று திரும்பத் திரும்ப வந்தது மானிடவியல். நான் மட்டும் அதைப் பார்க்காமல் இருந்தேன்.

இரண்டு: துறையின் இணையத்தளத்தில் உள்ள அறிமுகப் பந்தியை நம்பாதீர்கள். ‘பல்துறை அணுகுமுறை’ என்று எல்லோரும் எழுதுவார்கள். கடந்த ஐந்து வருடங்களில் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது உங்களுடையதற்கு உறவு முறையா?

மூன்று: உங்களை மேற்பார்வை செய்யக்கூடியவர்கள் குறைந்தது இருவர் இருக்கிறார்களா? ஒருவரை மட்டும் நம்பிப் போய், அவர் ஓய்வுபெற்றாலோ வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலோ நீங்கள் அநாதை.

நான்கு: கேள்வி மாறினால் துறை தாங்குமா? வலன்ரைன் டானியல் மலையகத் தேயிலைத் தோட்டப் பெண்களின் பாடல்களைத் தேடித்தான் 1983இல் இலங்கைக்கு வந்தார். அந்த வருட வன்முறைக்குப் பின் மக்கள் அவரிடம் சொன்னவை வேறு. அதிலிருந்து 1996இல் வந்த நூல் வன்முறையைப் பற்றியது. எங்கள் நாட்டில் களத்துக்குப் போகிறவருக்கு இது எப்போதும் நடக்கலாம்.

ஐந்து: அங்கு இப்போது படிக்கும் மாணவர் ஒருவரோடு பேசுங்கள், முடிந்தால் ஆசிய அல்லது ஆபிரிக்க நாட்டவரோடு. பேராசிரியர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவாரா, பணம் எத்தனை மாதம் போதுகிறது, யாராவது இடையில் விட்டுப்போனார்களா என்று கேளுங்கள்.

எல்லைகளைத் தாண்டவென்றே அமைந்த இடங்களும் உண்டு. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் கட்டடக்கலைஞரான எயால் வைஸ்மன் 2010இல் தொடங்கிய தடயவியல் கட்டடக்கலை ஆய்வுக்குழு, படங்களையும் கட்டட மாதிரிகளையும் கொண்டு அரச வன்முறையை ஆராய்கிறது. ஒக்ஸ்போர்டின் அகதிகள் கற்கை மையம் சர்வதேச அபிவிருத்தித் துறைக்குள் இயங்குகிறது. மையத்தின் பெயர் ஒன்று, பட்டம் தரும் துறை இன்னொன்று என்பதைக் கவனியுங்கள். பட்டத்தில் எது அச்சாகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது வேலைக்கு முக்கியம். திரும்பி வந்து இங்கே விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது ‘உரிய துறையில்’ பட்டம் என்ற வாசகம் முன்னால் நிற்கும். முதற்பட்டத்தின் பாடத்தையும் பார்ப்பார்கள். பெயரே புதிதான ஒரு துறையில் பட்டம் பெற்றவர், தெரிவுக் குழுவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பழைய பெயருள்ள துறையில் பதிந்து, புதிய கேள்வியை அதற்குள் கொண்டுபோவது பலருக்குப் பாதுகாப்பான வழி.

எங்களுக்கென்று உள்ள கேள்விகள்

இதுவரை சொன்னது யாருக்கும் பொருந்தும். போரால் பாதிக்கப்பட்ட சமூகத்திலிருந்து போகிறவர்கள் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும்.

முதலாவது, நாங்கள் சேகரிக்கும் வாக்குமூலங்களுக்கு யார் பொறுப்பு? வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகள் பலரின் நேர்காணல்களை அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரி 2001 முதல் சேகரித்தது. தாங்கள் இறக்கும்வரை அவை வெளிவராது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பேசினார்கள். 2011இல் பிரித்தானிய அதிகாரிகளின் கோரிக்கைப்படி அமெரிக்க நீதிமன்றக் கட்டளை வந்தது. 2013இல் ஒலிநாடாக்கள் சில வட அயர்லாந்துப் பொலிஸாரின் கைக்குப் போயின. பேசியவர்களும் பேட்டி கண்டவர்களும் ஆபத்துக்குள்ளானார்கள். எங்கள் ஊரில் யாரிடம் எதைக் கேட்கப் போகிறோம் என்று நினைத்தால் இது தூரத்துக் கதையல்ல. ஒலிப்பதிவு எங்கே வைக்கப்படும், பெயர்கள் எப்போது அழிக்கப்படும், நீதிமன்றம் கேட்டால் பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்று துறையிடம் முதலிலேயே கேளுங்கள். இப்படியான களங்களில் அனுபவமுள்ள துறை உடனே பதில் சொல்லும். “ஒழுக்கநெறிப் படிவத்தை நிரப்பினால் போதும்” என்று சொல்லும் துறையிடம் கவனமாக இருங்கள்.

இரண்டாவது, அவர்கள் உங்களை ஆய்வாளராக எடுக்கிறார்களா, தகவல் கொண்டுவருபவராக எடுக்கிறார்களா? எங்கள் மொழியும் உறவுகளும் சில திட்டங்களுக்கு மிகவும் தேவை. நாங்கள் பேட்டி எடுத்து மொழிபெயர்க்க, கோட்பாட்டை வேறு யாரோ எழுதுவது நடக்கக்கூடியது. அந்தத் துறையில் எங்களைப் போன்ற மாணவர்கள் முன்பு எழுதியவற்றைப் பாருங்கள். தங்கள் ஊரின் துயரத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்களா, அல்லது எல்லோருக்குமான ஒரு கருத்தை முன்வைத்திருக்கிறார்களா? விண்ணப்பத்திலும் உங்கள் இழப்பை முதற் பந்தியில் வைக்காதீர்கள். உங்கள் கேள்வியை வையுங்கள். இழப்பு எங்கே கேள்வியாகிறதோ அங்கே அது தானாக வரும்.

இடம் கிடைத்த செய்தியைப் பெரியம்மாவிடம் சொல்லப் போனேன்.

“அப்ப நீ படிக்கப் போற படிப்புக்கு என்ன பேர்?”

சொன்னேன்.

“அதில அண்ணாவைத் தேடுவினமோ?”

“இல்லைப் பெரியம்மா. தேடுற ஆக்களைப் பற்றித்தான் படிக்கிறது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தேடுற படிப்பும் ஒண்டு இருக்கோ?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எலும்புகளைப் படிப்பது, சட்டத்தைப் படிப்பது இரண்டையும் சொன்னேன். “அதுக்கும் ஆரும் எங்கட பிள்ளையள் போனால் நல்லம்” என்றார்.

என் தெரிவைப் பற்றி இதைவிடக் கடினமான கேள்வியை எந்த நேர்காணலிலும் நான் சந்திக்கவில்லை. நான் தேர்ந்த துறை அண்ணா எங்கே என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன். ஒரு துறையைத் தேர்வது என்றால், எந்தக் கேள்விக்கு என்னால் பதில் தர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்வதுதான்.

ஆகவே தலைப்பைத் தேடி அலையும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்லலாம். இந்த வாரம் துறைப் பட்டியலைத் திறக்காதீர்கள். உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில், ஊரில் ஒருவருக்கு விளங்கும் தமிழில் எழுதுங்கள். அதற்குக் கீழே, என்ன ஆதாரம் கிடைத்தால் பதில் கிடைத்துவிட்டது என்று ஒப்புக்கொள்வேன் என்று எழுதுங்கள். பிறகு அதைப் பாதிக்கப்பட்ட ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்தத் துறைக்கு எழுதுவது என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். எங்கள் பெரியம்மா கேட்ட மற்ற இரண்டு படிப்புகளுக்கும் இன்னும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.